பகுதியில் மாறி நின்றால்: பெயர் மாற்றுவதா, பெருக்கித் தீர்ப்பதா?

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் வீட்டு முன்கூடத்தில் செவ்வாயும் வியாழனும் மாலையில் கணித டியூஷன். போன மாதம் ஒரு வியாழக்கிழமை மழை வெளுத்துக் கட்டியதில் நான்கு பேர்தான் வந்தார்கள், எல்லோரும் படிவம் 4, பதினாறு வயதுப் பிள்ளைகள். வெண்பலகையில் இந்த இரண்டு சமன்பாடுகளை எழுதினேன். எந்த வழியில் செய்ய வேண்டும் என்று ஒரு வார்த்தையும் சொல்லாமல் தேநீர் போட உள்ளே போய்விட்டேன்.

4/க + 5/ச = 3
6/க − 10/ச = 1

பள்ளியில் எக்ஸ், ஒய் என்று எழுதும் மாறிகளைத்தான் இங்கே க, ச என்று எழுதுகிறேன். அவை பின்னத்தின் கீழே, அதாவது பகுதியில், நிற்கின்றன. பெயர் மாறினால் கணக்கு மாறாது. இந்தக் கட்டுரையில் பாதி அதைப் பற்றித்தான்.

திரும்பி வந்து பார்த்தால் நான்கு தாளில் நான்கு விதம். ஒரு பெண் ஏழெட்டு வரியில் முடித்துவிட்டுப் பேனாவை மூடி வைத்திருந்தாள். பக்கத்தில் இருந்த பையன் ஒரு பக்கத்தை நிரப்பி, தாளைத் திருப்பி எழுதிக்கொண்டிருந்தான். மூன்றாமவன் எல்லோருக்கும் முன்பே விடையை எட்டிவிட்டான், ஆனால் அது தப்பு. நான்காவது பெண் கைப்பேசியில் வரைபடம் போட்டு, இரண்டு வளைவுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். பக்கம் நிரப்பியவன்தான் முதலில் வாயைத் திறந்தான்: "டீச்சர், எனக்கு ரெண்டு ஆன்சர் வருது. ஒண்ணு கோசோங், கோசோங். அதையும் எழுதிடவா?" கோசோங் என்றால் மலாயில் சுழியம்.

அவனுக்கு அன்றைக்கே பதில் சொல்லிவிட்டேன். ஆனால் அடுத்த வாரம் ஒரு பிள்ளையின் அம்மா வாசலில் நின்று கேட்டது அதைவிடப் பெரிய கேள்வி. "பள்ளிக்கூடத்துல பெருக்கிச் செய்யச் சொல்றாங்க, நீங்க பேர் மாத்திச் செய்யச் சொல்றீங்க. பிள்ளை எதப் பிடிச்சிக்கிறது டீச்சர்?" இரண்டும் சரியான வழிதான். ஆனால் அப்படிச் சொல்லி அனுப்பிவிட்டால் அந்தப் பிள்ளை தேர்வு மண்டபத்தில் மறுபடியும் அதே இடத்தில்தான் திகைத்து நிற்கும். எந்தக் கணக்குக்கு எது, ஏன் என்று ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்வதுதான் முறை.

முதலில், ஏழெட்டு வரியில் முடித்த பெண் செய்தது. 1/க என்பதற்கு ப என்றும், 1/ச என்பதற்கு ம என்றும் பெயர் வைத்துக்கொண்டாள். உடனே பின்னம் மறைந்து, படிவம் 1இலேயே பழகிய நேரியல் சமன்பாடுகள் இரண்டு வந்துவிட்டன.

4ப + 5ம = 3
6ப − 10ம = 1

முதலாவதை 2ஆல் பெருக்கினால் 8ப + 10ம = 6. இரண்டாவதோடு கூட்டினால் 14ப = 7, ஆக ப = 1/2. அதை முதலாவதில் போட்டால் 5ம = 1, ம = 1/5. ப என்பது 1/க, எனவே க = 2. அதேபோல ச = 5. பழைய பெயருக்குத் திரும்பும் இந்தக் கடைசி அடியை மறக்கிற பிள்ளைகள் நிறைய. ப = 1/2 என்று கண்டுபிடித்த சந்தோஷத்தில் அதையே விடை என்று அடிக்கோடு போட்டுவிடுவார்கள். இந்த வழியில் நான் அதிகம் பார்க்கிற தவறு இதுதான். அதனால் பெயர் வைக்கும்போதே தாளின் ஓரத்தில் "ப = 1/க" என்று ஒரு பெட்டி போட்டு வைக்கச் சொல்வேன்.

அடுத்து, பக்கம் நிரப்பிய பையன். அவன் பள்ளியில் சொல்லிக்கொடுத்தபடி இரண்டு சமன்பாட்டையும் க × ச ஆல் பெருக்கினான்.

4ச + 5க = 3கச
6ச − 10க = கச

பகுதி போனது. ஆனால் வலப்பக்கம் கச என்ற பெருக்கல் வந்து உட்கார்ந்துகொண்டது, இனி இவை நேரியல் சமன்பாடுகள் இல்லை. அவன் அசரவில்லை. இரண்டாவதை 3ஆல் பெருக்கி 18ச − 30க = 3கச என்று ஆக்கினான். இப்போது இரண்டின் வலப்பக்கமும் ஒன்று, ஆகவே இடப்பக்கங்களும் சமம். அதிலிருந்து 35க = 14ச, அதாவது ச = 5க/2. அழகான அடி அது, மனதாரப் பாராட்டினேன். அதை முதலாவதில் போட்டால் 15க = 15க²/2. ஒரே பக்கம் கொண்டுவந்தால் 15க(க − 2) = 0. க = 2 அல்லது க = 0.

கோசோங் வந்த கதை இதுதான். முதல் சமன்பாட்டில் 4/க என்று இருக்கிறது, அங்கே க இருக்க வேண்டிய இடத்தில் 0 வரவே முடியாது. பிறகு எங்கிருந்து வந்தது? இருபுறமும் கச ஆல் பெருக்கினோமே, அங்கிருந்துதான். 7 = 9 என்பது பொய். இருபுறமும் 0ஆல் பெருக்கிப் பாருங்கள், 0 = 0 என்று அது மெய்யாகிவிடும். மாறியைக் கொண்டு பெருக்கும்போது, அந்த மாறி 0 ஆகும் இடத்தில் இந்தக் குழப்பம் நம்மை அறியாமலே உள்ளே நுழைந்துவிடுகிறது. இதைத்தான் போலித் தீர்வு என்கிறோம். அவன் செய்த எந்த அடியும் தப்பில்லை, கடைசியில் சலித்து எடுக்கும் வேலை மட்டும்தான் பாக்கி. ஆனால் தேர்வு அவசரத்தில் சலிக்காமலே எழுதிவிட்டு வருகிறவர்களை வருடா வருடம் பார்க்கிறேன்.

வரைபடம் போட்ட பெண்ணும் அதே வலையில்தான் சிக்கியிருந்தாள். சமன்பாடுகளை ச = 5க/(3க − 4) என்றும் ச = 10க/(6 − க) என்றும் மாற்றி எழுதித் தட்டியிருந்தாள். திரையில் இரண்டு வளைவுகளும் (2, 5) இல் வெட்டுகின்றன, (0, 0) இலும் வெட்டுகின்றன. உண்மையில் ஆதிப்புள்ளியில் இரண்டு வளைவிலும் ஒரு பொத்தல் இருக்கிறது, மாற்றி எழுதியபோது அது மூடிப்போனது.

மூன்றாமவன் செய்ததை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல பிள்ளைகளும் செய்யும் தவறு அது. பகுதியில் இருப்பதை மேலே கொண்டுவர எல்லாவற்றையும் கவிழ்த்துவிட்டான்: க/4 + ச/5 = 1/3, க/6 − ச/10 = 1. இதைத் தீர்த்தால் க = 4, ச = −10/3 வருகிறது. க முழு எண்ணாக வந்ததும் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிவிட்டான். அவனுக்கு ஒன்றே ஒன்று சொன்னேன். 1/2 + 1/3 எவ்வளவு? 5/6. அதைக் கவிழ்த்தால் 6/5. தனித்தனியாகக் கவிழ்த்துக் கூட்டினால்? 2 + 3 = 5. ஒற்றைப் பின்னத்தைக் கவிழ்க்கலாம், கூட்டலை அப்படிக் கவிழ்க்க முடியாது. முறையாகச் செய்வதானால் 4/க = 3 − 5/ச = (3ச − 5)/ச என்று ஒரே பின்னமாக்கிய பிறகுதான் கவிழ்க்க வேண்டும். அப்போது க = 4ச/(3ச − 5). இதை இரண்டாவதில் பிரதியிட்டால் 18ச − 70 = 4ச, ச = 5 என்று ஒழுங்காக வரும். பிரதியிடலும் ஒரு வழிதான், ஆனால் பின்னத்துக்குள் பின்னம் வரும். கை பழகாத பிள்ளைக்கு இந்த வடிவக் கணக்கில் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

சரி, பெயர் மாற்றுவது வெறும் குறுக்கு வழி என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ப என்பதற்கு உண்மையிலேயே ஒரு பொருள் இருக்கிறது. எங்கள் வரிசை வீட்டில் ஓர் அக்கா தீபாவளிக்கு முறுக்கு ஆர்டர் எடுப்பார். அவரும் மகளும் ஆளுக்கோர் அடுப்பில் சுடுவார்கள். ஒரு வாளி மாவு பிசைந்து வைத்தால், இரண்டு பேரும் சேர்ந்து 4 மணி நேரத்தில் முடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இன்னொரு நாள் அதே அளவு மாவில் அம்மா 3 மணி நேரம் சுட்டுவிட்டுக் கோவிலுக்குப் போய்விட்டார், மீதியை மகள் தனியாக 6 மணி நேரம் உட்கார்ந்து முடித்தாள். தனியாகச் சுட்டால் அம்மாவுக்கு க மணி, மகளுக்கு ச மணி என்றால்:

4/க + 4/ச = 1
3/க + 6/ச = 1

இங்கே 1/க என்ன? அம்மா ஒரு மணி நேரத்தில் முடிக்கும் பங்கு. அடுப்படியில் யாரும் "நான் தனியாகச் சுட்டால் இத்தனை மணி ஆகும்" என்று கணக்குப் போடுவதில்லை, "ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு மாவு இறங்கும்?" என்றுதான் கேட்கிறார்கள். ஆக, ப + ம = 1/4 என்பதுதான் அந்த வீட்டின் பேச்சு: இரண்டு பேருமாக மணிக்குக் கால் வாளி. இரண்டாவது நாள் 3ப + 6ம = 1. முதலாவதை 3ஆல் பெருக்கிக் கழித்தால் 3ம = 1/4, ம = 1/12. அப்புறம் ப = 1/6. அம்மா மணிக்கு ஆறில் ஒரு பங்கு, மகள் பன்னிரண்டில் ஒரு பங்கு. எனவே தனியாக 6 மணி, 12 மணி. இந்தக் கணக்கில் ப, ம தான் இயல்பான மாறிகள். க, ச என்பவை கேள்வி கேட்டவர் கவிழ்த்துக் கேட்டதால் வந்தவை.

இது புதிய யோசனையும் இல்லை. 1150 வாக்கில் கணித அறிஞர் பாஸ்கரர் எழுதிய லீலாவதி என்ற நூலில் ஒரு குளக்கணக்கு உண்டு. நான்கு ஊற்றுகள் தனித்தனியாக ஒரு குளத்தை 1 நாள், அரை நாள், 1/3 நாள், 1/6 நாளில் நிரப்பும், நான்கையும் ஒன்றாகத் திறந்துவிட்டால் எவ்வளவு நேரம் ஆகும்? நாள்களைக் கூட்டிப் பயனில்லை. நாளொன்றுக்கு எத்தனை குளம் என்று பார்த்தால் 1 + 2 + 3 + 6 = 12. எனவே 1/12 நாள்.

நம் பழைய பின்னப் பெயர்களையும் இந்த இடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்வேன். இருபதில் ஒன்றுக்கு மா, எண்பதில் ஒன்றுக்குக் காணி, முந்நூற்றிருபதில் ஒன்றுக்கு முந்திரி என்று நம் முன்னோர் பெயர் வைத்திருந்தார்கள். மூன்று மாவும் நான்கு மாவும் ஏழு மா. கீழே 20 இருக்கிறதே என்று அங்கே யாரும் தயங்குவதில்லை, தேங்காயை எண்ணுகிற மாதிரி எண்ணிவிடலாம். 3/க + 4/க = 7/க என்பதும் அதேதான். 1/க என்பதற்கு ஒரு பெயர் கொடுத்தவுடன் அது எண்ணக்கூடிய பொருளாகிவிடுகிறது. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை பகுதி, தொகுதி என்று படித்துவிட்டு, இடைநிலைப்பள்ளியில் மலாய்க்கு மாறும் பிள்ளைகளுக்கு இன்னொன்றும் சொல்வதுண்டு. மலாயில் பகுதிக்குப் பெஞெபுட் என்று பெயர். செபுட் என்றால் சொல்லுதல், பெயரைக் குறிப்பிடுதல். பகுதி என்பது பின்னத்தின் பெயரைச் சொல்லும் எண் என்று அந்த மொழியே காட்டிக்கொடுக்கிறது. இதைக் கேட்ட பிறகு பெயர் மாற்றும் முறை பல பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடுகிறது.

பகுதி கொஞ்சம் சிக்கலானால் இரண்டு வழிகளுக்கும் இடையிலான தூரம் இன்னும் தெளிவாகத் தெரியும். கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கூடுமிடத்தில் பிறந்த ஊர் நம்முடையது, கோலாலம்பூர் என்ற பெயருக்கே சேற்றுச் சங்கமம் என்று பொருள் சொல்வார்கள். மஸ்ஜித் ஜாமெக் எல்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கினால் அந்த இடத்தைப் பார்க்கலாம். அதை நினைவில் வைத்துக்கொண்டு ஒரு படகுக் கணக்கு. அசையாத நீரில் படகின் வேகம் மணிக்கு க கிலோமீட்டர், நீரோட்டத்தின் வேகம் ச. ஆற்றோடு 24 கிலோமீட்டரும் எதிர்த்து 18 கிலோமீட்டரும் போக மொத்தம் 5 மணி. இன்னொரு நாள் ஆற்றோடு 36, எதிர்த்து 6, மொத்தம் 4 மணி.

24/(க + ச) + 18/(க − ச) = 5
36/(க + ச) + 6/(க − ச) = 4

பெருக்கிப் பகுதியை நீக்கினால் கிடைப்பது இது:

42க − 6ச = 5க² − 5ச²
42க − 30ச = 4க² − 4ச²

இங்கிருந்து விடைக்குப் போக முடியாது என்றில்லை. ஆனால் பதினாறு வயதுப் பிள்ளையை இந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்துவது எனக்குச் சம்மதமில்லை. இதே கணக்கில் 1/(க + ச) முழுவதற்கும் ப, 1/(க − ச) முழுவதற்கும் ம என்று வைத்தால் 24ப + 18ம = 5, 36ப + 6ம = 4. இரண்டாவதை 3ஆல் பெருக்கி முதலாவதைக் கழித்தால் 84ப = 7, ப = 1/12. பிறகு ம = 1/6. எனவே க + ச = 12, க − ச = 6. கூட்டினால் க = 9, ச = 3. இங்கே பெயரை இரண்டு முறை அவிழ்க்க வேண்டும், அதை மட்டும் கவனித்தால் போதும். படகின் வேகமும் ஓட்டத்தின் வேகமும் ஒன்றாக இருக்கக்கூடாது என்பதும் இதில் கண்கூடாகத் தெரியும். க − ச = 0 என்றால் எதிர்த்துப் போகும் படகு நின்ற இடத்திலேயே நிற்கும், 18 கிலோமீட்டர் போய்ச் சேர எத்தனை மணி என்ற கேள்விக்கே இடமில்லை.

பெயர் மாற்றும் முறையிலும் பொறிகள் உண்டு. ஒன்று, 1/க + 2/ச = 2, 3/க + 4/ச = 4 போன்ற கணக்கு. பெயர் வைத்துத் தீர்த்தால் ம = 1, ப = 0 வரும். உடனே க = 0 என்று எழுதிவிடுகிறார்கள். 1/க = 0 ஆகும்படி எந்த எண்ணும் கிடையாது. முறுக்குக் கணக்கில் யோசித்தால் புரியும்: மணிக்குச் சுழியம் பங்கு சுடுகிறவர் எத்தனை மணியில் முடிப்பார்? முடிக்கவே மாட்டார். இந்தச் சமன்பாடுகளுக்குத் தீர்வு இல்லை என்றுதான் எழுத வேண்டும்.

இன்னொன்று இதைவிட நுட்பமானது. சில நேரம் கேள்வியே பின்னம் இல்லாமல் வரும்:

2க + 3ச = 2கச
4க − 3ச = கச

இருபுறமும் கச ஆல் வகுத்தால் 2/ச + 3/க = 2, 4/ச − 3/க = 1. கூட்டினால் 6/ச = 3, எனவே ச = 2, க = 3. நிமிடத்தில் முடிந்தது. ஆனால் இந்தக் கணக்கில் (0, 0) என்பது உண்மையான தீர்வு. கேள்வியில் பகுதியே இல்லை, 0 போட்டால் இரண்டு பக்கமும் சரியாக இருக்கிறது. வகுத்த நேரத்தில் நாமே அதைத் தொலைத்துவிட்டோம். முன்பு பெருக்கியதால் இல்லாத தீர்வு ஒன்று வந்தது, இப்போது வகுத்ததால் இருந்த தீர்வு ஒன்று போனது. அதே சுழியம்தான், கேள்வி எந்த வடிவத்தில் வந்தது என்பதைப் பொறுத்து ஓரிடத்தில் போலி, ஓரிடத்தில் அசல். அன்று கோசோங் எழுதட்டுமா என்று கேட்ட பையனுக்கு இந்தக் கணக்கையும் போட்டுக் காட்டினேன். "அப்போ எனக்கு வந்தது இந்தக் கேள்விக்குச் சரியா டீச்சர்?" என்றான். அவன் பிடித்துக்கொண்டான்.

பெயர் வைத்த பிறகு நேரியல் சமன்பாடுகளை எப்படித் தீர்ப்பது என்பதில் நான் பெரிதாக விவாதிக்க மாட்டேன். நீக்கல் முறை போதும், மேலே செய்ததுபோல் பெருக்கிக் கூட்டியோ கழித்தோ ஒரு மாறியை நீக்குவதுதான் அது. படிவம் 5 கணிதத்தில் அணிகள் (மேட்ரிக்ஸ்) வந்த பிறகு அதையும் பயன்படுத்தலாம். பிள்ளைகள் கையில் இருக்கும் காசியோ 570 வகைக் கணிப்பான் கருவியில் இரண்டு மாறிச் சமன்பாடு தீர்க்கும் வசதி உண்டு. ஆனால் அது நேரியல் வடிவத்தை மட்டும்தான் ஏற்கும். அதாவது பெயர் மாற்றும் வேலையை நாம் செய்து கொடுத்தால்தான் அதற்கு வேலை. செய்முறையைத் தாளில் எழுதியே ஆக வேண்டும் என்பதால் கருவியைச் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

இனி அந்த அம்மாவின் கேள்வி. பெயர் மாற்றும் முறையை இவ்வளவு தூரம் புகழ்ந்துவிட்டு இதை மறைத்தால் நியாயமாகாது: படிவம் 4 கூடுதல் கணிதத்தில் சமன்பாட்டுத் தொகுதி என்ற பாடத்தில் மூன்று மாறி நேரியல் சமன்பாடுகளும், ஒன்று நேரியல், மற்றொன்று நேரியல் அல்லாதது என்ற ஜோடியும்தான் இருக்கின்றன. படிவம் 5 முடிவில் எழுதும் எஸ்பிஎம் என்ற அரசுத் தேர்வுக்கு உட்காரும் பிள்ளை அதிகமாகச் சந்திக்கப் போவது அந்த ஜோடியைத்தான். அதில் பகுதியில் மாறி வந்தால் இப்படி இருக்கும்:

க + 2ச = 8
4/க + 3/ச = 3

இங்கே போய் 1/க = ப என்று வைத்தால் இரண்டாவது சமன்பாடு அழகாகும், ஆனால் முதலாவது 1/ப + 2/ம = 8 ஆகிவிடும். தலையணையை மாற்றினால் தலைவலி போகுமா? பின்னம் இந்த வரியிலிருந்து அந்த வரிக்கு இடம் மாறியது, அவ்வளவுதான். இந்த வடிவத்தில் பள்ளி ஆசிரியர் சொன்ன வழிதான் சரி. இரண்டாவதைப் பெருக்கினால் 4ச + 3க = 3கச. முதலாவதிலிருந்து க = 8 − 2ச. அதைப் போட்டால் 24 − 2ச = 24ச − 6ச², சுருக்கினால் 3ச² − 13ச + 12 = 0. காரணிப்படுத்தினால் (3ச − 4)(ச − 3) = 0.

ஆகவே பிள்ளை எழுதத் தொடங்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். பகுதியில் இருக்கிற அதே மாறி வேறெங்காவது பகுதிக்கு வெளியேயும் நிற்கிறதா? இரண்டு சமன்பாட்டிலும் பகுதிக்குள் மட்டும், அதுவும் ஒரே வடிவத்தில் நின்றால் பெயர் மாற்று. வெளியேயும் நின்றால் பெருக்கு. இதைப் பார்க்க ஐந்து விநாடிகூட ஆகாது. எதைத் தேர்ந்தெடுத்தாலும் முதல் வரியில் க ≠ 0, ச ≠ 0 என்று எழுதிவிட வேண்டும், கடைசியில் விடையைக் கேள்வியின் அசல் வரியில் போட்டுப் பார்க்க வேண்டும், பெருக்கி மாற்றிய வரியில் போட்டுப் பயனில்லை. ஒரே முறைதான் மனத்தில் நிற்கும் என்கிற பிள்ளைக்கு நான் பெருக்கும் முறையைத்தான் கொடுப்பேன், நீளமானாலும் அது பெரும்பாலான இடங்களில் கைகொடுக்கும். இரண்டையும் தாங்குகிற பிள்ளைக்கு இரண்டும் வேண்டும். படிவம் 1, 2 பிள்ளைகளிடம் முறுக்குக் கணக்கிலிருந்து தொடங்கினால் போதும், மணிக்கு எவ்வளவு பங்கு என்று அவர்களே பேசத் தொடங்கிவிடுவார்கள். அந்த அம்மாவிடம் இதைத்தான் சொன்னேன். "அப்போ ரெண்டு பக்கமும் சரியாத்தான் சொல்லியிருக்காங்க" என்று நிம்மதியாகப் போனார்.

போன செவ்வாய் க + 2ச = 8 என்று தொடங்கும் அந்தக் கணக்கை நால்வருக்கும் கொடுத்தேன். கோசோங் பையன் முதல் வரியிலேயே க ≠ 0, ச ≠ 0 எழுதிவிட்டான். ச = 3, க = 2 வந்தது. அடுத்தது ச = 4/3, க = 16/3. இரண்டாவது ஜோடியைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டு பேனாவால் வெட்டப் போனான். வெட்டவில்லை. ஓரத்தில் எழுதிப் பார்த்தான்: 16/3 + 8/3 = 8. அடுத்து 4 ÷ 16/3 = 3/4, 3 ÷ 4/3 = 9/4, கூட்டினால் 3. "இது உண்மையான ஆன்சர்தான் டீச்சர், ரெண்டையும் வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனான்.